நாய்க்குழிக் காளான்

தேன்குன்று தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் வீடுகள் ஒட்டி ஒட்டி நின்ற கடைசி லைனில் காளான்கள் குரைக்கத் தொடங்கியது ஓர் ஐப்பசி மாதத்தில், இடிமழை ஓய்ந்து, தைலமரக் காட்டிலிருந்து பனி இறங்கி வீட்டு ஓடுகளின்மேல் படுத்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலத்தில். அந்த நேரத்தில் வடிவு குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு, இத்தனை மழை பெய்தும் தண்ணீர் நூலாகத்தானே வருகிறது என்று எஸ்டேட் மேனேஜரை மனசுக்குள் வைதுகொண்டிருந்தாள். குரைக்கிற சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தாள். ஞானப்பழத்தின் வீட்டுக்குப் பின்னால், அவனுடைய நாய் டாலரைப் புதைத்த மண்மேட்டில், வெள்ளை வெளேரென்று ஒரு கொத்துக் காளான் முளைத்திருந்தது. குரல் டாலருடையதேதான். முதலில் ஓர் உறுமல், பிறகு மூன்று குரைப்பு, பிறகு கொஞ்சம் யோசனை, மறுபடி மூன்று. "டாலரு, சும்மா கெட" என்று பழக்கதோஷத்தில் ஓர் அதட்டல் போட்டுவிட்டு வடிவு குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். வீட்டுப் படியேறும்போதுதான் டாலர் செத்துப்போனது நினைவுக்கு வந்தது. அதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிட்டது.

டாலர் எப்படிச் செத்தது என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அந்த லைனில் ஒரு வழக்கம் இருந்தது. இடி இடித்த மறுநாள் கொழுந்து பறித்துவிட்டுத் திரும்பும் பெண்கள் வழியில் காளான் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு வருவார்கள். சின்ன வெங்காயமும் மிளகும் போட்டு வதக்கி, முதல் பிடியை ஆறவைத்து வீட்டு நாய்க்கு வைப்பார்கள். சோறு வடித்து முடிக்கிறவரை நாய்க்கு ஒன்றும் ஆகவில்லையென்றால் அது நல்ல காளான், எல்லோரும் சாப்பிடலாம். நாய் கக்கிவிட்டால் சட்டியோடு கொண்டுபோய் ஓடையில் கவிழ்த்துவிடுவார்கள். இப்படியே காலம் காலமாகச் சாப்பிட்டு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதால் அதை ஒரு பெரிய சூட்சுமம் என்று நம்பியிருந்தார்கள். அது வெறும் அதிர்ஷ்டம், வேறொன்றும் இல்லை.

டாலரும் தின்றுவிட்டுச் சோறு வடிக்கிறவரை கோழி விரட்டிக்கொண்டுதான் இருந்தது. அன்றைக்கென்று பார்த்து ஞானப்பழத்தின் மாமியார் வீட்டிலிருந்து நெத்திலிக் கருவாடு வந்திருந்ததால் காளான் சட்டியை மறுநாளைக்கு என்று மூடிவைத்தார்கள். அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றியது கருவாடுதான். விடியும்முன் டாலர் கக்கவும் கழியவும் ஆரம்பித்தது. மறுநாள் பூராவும் சுருண்டு கிடந்தது. அதற்கடுத்த நாள் எழுந்து தண்ணீர் குடித்து, வாசலில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தபோது ஞானப்பழம், "பாத்தியா, எம்புட்டு கெட்டி உசுரு" என்று பெருமைப்பட்டுக்கொண்டான். அன்று சாயங்காலமே அதன் கண் மஞ்சளடித்தது, ஈறிலிருந்து ரத்தம் கசிந்தது, கால்களை உதைத்துக்கொண்டு செத்துப்போனது.

மாடுகளுக்கு ஊசி போட எஸ்டேட்டுக்கு வந்திருந்த கால்நடை டாக்டரம்மாவிடம் அதன் உடலைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தம்மா கோபமாகத்தான் பேசினார். "நடுவுல எந்திரிச்சு நடந்துச்சுல்ல, அது நல்லானது இல்ல. வெளியில நல்லா இருக்கும், உள்ள ஈரல் கரைஞ்சிட்டிருக்கும். இந்த விஷம் உடனே காட்டாது. சோறு வேகுற நேரத்துல என்ன தெரியும் உங்களுக்கு? அதுவும் நாய்க்கு வெச்சுப் பாக்குறீங்க, வாயில்லாத ஜீவனுக்கு!" என்றவர் தைலமரத்து அடியில் போய் ஒரு வெள்ளைக் காளானை அடியோடு தோண்டி எடுத்துக் காட்டினார். தண்டில் ஒரு வளையம், அடியில் முட்டை ஓட்டைப்போல ஒரு கிண்ணம். "இதுதான். இந்த வளையத்தையும் கிண்ணத்தையும் நல்லாப் பாத்துக்கங்க. நாய் தானாவே மோந்து போய்த் தின்னும், மழைக்காலத்துல கட்டிப்போடுங்க. தின்னுட்டுதுன்னு தெரிஞ்சா கக்குற வரைக்கும் காத்திருக்காதீங்க, அந்த நிமிஷமே தூக்கிட்டு வாங்க. அப்புறம் வந்தா நானும் கையைத்தான் பிசையணும்."

எல்லோரும் வளையத்தையும் கிண்ணத்தையும் நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள். அதை மறக்கவும் இல்லை. ஆனால் அந்த லைனிலேயே நாயைக் கட்டிப்போட்டது வடிவு ஒருத்திதான்.

குரைக்கிற காளானை லைன் எப்படி எடுத்துக்கொண்டது என்றால், முதல் நாள் பயந்தது, இரண்டாம் நாள் கோயிலுக்குப் போனது, மூன்றாம் நாள் வேலைக்குப் போய்விட்டது. மாரியம்மன் கோயில் பூசாரி எலுமிச்சம்பழம் அறுத்துக் குங்குமம் தடவி நாலு பக்கமும் எறிந்தார். பக்கத்து வீட்டு லூர்து மேரி வேளாங்கண்ணித் தீர்த்தத்தைக் கொண்டுவந்து தெளித்தாள். காளான் இரண்டு பேரையும் பார்த்துச் சமமாகவே குரைத்தது. மற்ற காளான்கள் ஒரு வெயிலில் கறுத்துக் கூழாகிப்போகும்போது இது மட்டும் அப்படியே நின்றது. பிள்ளைகள் அதற்கு பிஸ்கட் வைத்துப் பார்த்தார்கள், எறும்புதான் தின்றது. தபால்காரர் இனிமேல் கடிதத்தை ஆள் கணக்கெடுக்கிற மஸ்டர் ஷெட்டிலேயே கொடுத்துவிடுவேன் என்றார். டாலரின் காளானைப்பற்றி அதற்குமேல் பேச யாருக்கும் நேரமில்லை, ஏனென்றால் அப்போது லைனில் சிறுத்தைப் பேச்சுதான்.

புரட்டாசியில் மேல்லைனில் ஒரு குழந்தையைக் குழாயடியிலிருந்தே சிறுத்தை தூக்கிப்போயிருந்தது. அம்மா முகம் கழுவக் குனிந்து நிமிர்ந்த நேரம், அவ்வளவுதான். அதிலிருந்து வெளிச்சம் மங்கும் முன்பே கதவுகள் சாத்தப்பட்டன, பெண்கள் கூட்டமாகத்தான் தண்ணீருக்குப் போனார்கள், ஒரு கதவு கிறீச்சிட்டால்கூட எல்லா வீட்டிலும் பிள்ளைகளின் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம் எழுந்தது. இப்படி இருக்கையில்தான் ஒரு மாலையில் தேயிலைப் புதருக்குள்ளிருந்து அது வெளியே வந்து, டாலரின் மேட்டருகே நின்றது. காளான் விடாமல் குரைத்தது. சிறுத்தை சத்தம் வந்த இடத்தை மோந்து பார்த்தது. கவ்வுவதற்கு ஒரு கழுத்து இருந்தால்தானே? காதை மடக்கிக்கொண்டு, குழம்பிப்போய்த் திரும்பிப் போனதை ஜன்னல்வழியாக லைன் முழுக்கப் பார்த்தது.

ஞானப்பழம் எஸ்டேட்டில் மருந்தடிக்கிறவன். யூனியனிலும் இருந்தான், அதனால் எதையும் கூட்டம் போட்டுத்தான் பேசுவான். கோயில் முன்னால் எல்லோரையும் உட்காரவைத்து, "உசுரோட இருக்கிற நாயி சிறுத்தைப்புலிக்கு ஒரு வாய்க்குக் காணுமா? மண்ணுக்குள்ள இருக்கிற நாயி சோறு கேக்காது, தூங்காது, அதை எவனும் தூக்கிட்டுப் போக முடியாது. நான் ஒண்ணும் சொல்லல. புள்ள குட்டி இருக்கிறவங்க நீங்களே யோசிச்சுக்கங்க" என்றான்.

அவர்கள் யோசித்தார்கள். கொல்வது என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. அதற்கு எப்படியோ ஒரு நல்ல வார்த்தை கிடைத்துவிட்டது, காவலுக்கு வைப்பது. முதலில் ஃபேக்டரிப் பக்கம் திரிந்த தெருநாய் ஒன்றுக்குச் சோற்றில் பிசைந்து வைத்தார்கள். அது செத்தது, புதைத்தார்கள், வெறும் புல்தான் முளைத்தது. சோறுபோட்டு வளர்த்தவர்கள் தம் கையால் வைத்தால்தான் காளான் வரும் என்பது அப்படித்தான் தெரிந்தது. அது தெரிந்த பிறகாவது நிறுத்தியிருக்கலாம். மனிதர்கள் நிறுத்துவார்களா? தைலமரத்தடியில் வளையமும் கிண்ணமும் பார்த்துப் பொறுக்கினார்கள், மிளகு போட்டு வதக்கினார்கள், வாசலில் உட்கார்ந்து பேர் சொல்லிக் கூப்பிட்டுத் தம் கையால் ஊட்டினார்கள். லூர்து மேரி தன் ஜாக்கிக்கு ஊட்டிவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். "காவலுக்கு வெச்சாச்சா?" என்று குழாயடியில் ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டார்கள், பாலுக்கு உறை ஊற்றியாயிற்றா என்று கேட்கிற குரலில்.

கார்த்திகை பிறப்பதற்குள் லைனைச் சுற்றி மேடு மேடாகக் காளான்கள் நின்றன. சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியதும் ஒரு மேட்டில் ஆரம்பிக்கும், அடுத்தது வாங்கிக்கொள்ளும், பிறகு லைனே குரைப்புக்குள் உட்கார்ந்திருக்கும். அந்தச் சத்தத்தில் பிள்ளைகள் இருட்டும்வரை விளையாடினார்கள், பெண்கள் தனியாகத் தண்ணீருக்குப் போனார்கள், கிழவர்கள் நன்றாகத் தூங்கினார்கள். குட்டி போட்டு வளர்க்க ஒரு நாயும் மிச்சமில்லை என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று, வடிவின் சொக்கன். வடிவின் வீடு லைனின் ஓரத்தில், காட்டுக்குப் போகிற ஒற்றையடிப் பாதையின் வாயிலேயே இருந்தது. வட்டத்தில் அந்த ஓர் இடம்தான் திறந்து கிடந்தது. சொக்கன் ஒரு காது கிழிந்த செம்பட்டை நாய். வடிவின் மகள் ரோஷிணி பள்ளிக்கூடத்துப் பையில் போட்டு, நோட்டுப் புத்தகங்களைக் கையில் தூக்கிக்கொண்டு வந்த குட்டி. பள்ளிக்கூட நேரத்துக்கு மட்டும் அதை அவிழ்த்துவிடுவார்கள். தினமும் காலையில் அவளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு வரும், மணி அடிக்கும்போது மறுபடி போய் நிற்கும். வடிவின் புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். வீட்டில் ஆண்பிள்ளை இல்லையே என்று யாராவது சொன்னால் வடிவு, "ஏன், சொக்கன் இருக்கான்ல?" என்பாள். விளையாட்டாகத்தான் சொல்வாள், ஆனால் அதை அவள் நம்பினாள்.

லைன் அவளை முதலில் கேட்டது, பிறகு பார்த்தது, பிறகு பார்க்காமல் விட்டது. குழாயடியில் அவள் குடம் வரிசையில் பின்னால் நகர்ந்துகொண்டே போனது. லூர்து மேரி கொழுந்துக்குப் போகும்போது கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். ஒருநாள் ஞானப்பழம் நாலு பேரோடு வாசலில் வந்து நின்றான்.

"வடிவு, எல்லாரும் வெச்சாச்சு. ஓட்டைப் பானையில எம்புட்டு தண்ணி ஊத்தினா என்ன? உன் வீட்டு வழியாத்தான் அது வரும்."

"கட்டிப்போட்டு வளக்குறேன் அண்ணாச்சி. அவன் உசுரோடயே குரைப்பான்."

"எத்தனை நாளைக்கு? உன் நாய் பெருசா, எங்க புள்ளைங்க பெருசா?"

"எனக்கும் புள்ள இருக்கு அண்ணாச்சி" என்றாள் வடிவு.

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றான் ஞானப்பழம்.

இரண்டு நாள் கழித்து, வாசலில் கழற்றி விட்டிருந்த ரோஷிணியின் செருப்புக்குப் பக்கத்தில் ஈரமண்ணில் ஒரு காலடி பதிந்திருந்தது. வடிவு தன் உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்தாள், சரியாக இருந்தது. சொக்கன் கயிற்றை இழுத்துக்கொண்டு நடுங்கி நின்றது. அது குரைத்ததா, குரைத்ததனால்தான் சிறுத்தை போனதா, அவளுக்குத் தெரியவில்லை. திருப்பூருக்குப் போன் போட்டாள். மெஷின் சத்தத்துக்கு நடுவே புருஷன், "நாய்தான, புள்ளயப் பாரு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

காளானை அவளே பொறுக்கினாள். வேறு யாராவது பொறுக்கிக்கொடுத்தால் அவர்களைக் குற்றம் சொல்ல நேரும் என்று நினைத்தாள். ரோஷிணி பள்ளிக்கூடம் போனதும், கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த சொக்கனைக் கூப்பிட்டு முன்னால் உட்காரவைத்துச் சட்டியைத் திறந்தாள். சொக்கன் மோந்து பார்த்தது, அவள் முகத்தைப் பார்த்தது, அவள் கையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. கடைசியில் விரலிடுக்கில் ஒட்டியிருந்த மிளகையும் நக்கிவிட்டுத் தும்மியது. அந்தத் தும்மலில் வடிவு உடைந்துபோனாள். அந்த நிமிஷமே தூக்கிட்டு வாங்க என்று டாக்டரம்மா சொன்னது காதில் விழுந்தது. சொக்கனை வாரித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள்.

டவுனுக்குப் போகிற பஸ் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. அவள் கையைத் தூக்கியிருந்தால் நிறுத்தியிருப்பார்கள். ஆனால் ஓடி வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள். அவள் வீட்டோரத்தில், பாதையின் வாயில், ஞானப்பழம் மண்வெட்டியோடு குழி தோண்டிக்கொண்டிருந்தான். லூர்து மேரியும் மற்றவர்களும் சுற்றி நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் கத்தவில்லை, யாரும் வா என்றுகூடச் சொல்லவில்லை. கல்லுக்கட்டில் அவர்களுடைய பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், பள்ளிக்கூடம் போகாத சின்னஞ்சிறுசுகள். வடிவின் கை தூக்கின பாதியில் நின்றது. பஸ் அவளைத் தாண்டி, புகையை விட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டது.

அன்று பொழுது சாய்ந்த பிறகு சொக்கன் கக்கியது. மறுநாள் வாசற்படியில் தலையை வைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தது. ரோஷிணி பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து சர்க்கரைத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். அதற்கும் மறுநாள் காலையில் சொக்கன் எழுந்தது, உடம்பை உதறியது, தட்டுத் தடுமாறிப் பிறகு சரியாகவே நடந்து முற்றத்துக்குப் போனது.

"அம்மா! சொக்கனுக்கு நல்லாயிடுச்சும்மா! எந்திரிச்சு ஓடுறாம்மா, வந்து பாரேன்!"

வடிவு அடுப்புக்குள் குனிந்து ஊதிக்கொண்டே இருந்தாள். புகை கண்ணுக்குள் போகட்டும் என்று ஊதினாள். பிள்ளை வெளியே சிரித்துக்கொண்டு ஓடுகிற சத்தமும் சொக்கனின் நகம் சிமெண்டுத் தரையில் கீறுகிற சத்தமும் கேட்டன. அந்த ஒரு காலை முழுக்க அவள் தன் மகளின் சந்தோஷத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைவிடப் பெரிய பாவம் தான் செய்ததில்லை என்று பின்னால் அவளுக்குத் தோன்றியது. சாயங்காலம் சொக்கனின் கண் மஞ்சளடித்தது.

புதைத்தார்கள். மழை பெய்தது. காளான் முளைத்தது, கொத்தாக, வெள்ளையாக, மற்றவற்றைவிட உயரமாக. லைன் முழுக்க அன்று மாலை அங்கே வந்து நின்றது. சூரியன் இறங்கியதும் டாலரின் மேட்டில் ஆரம்பித்தது, ஜாக்கி வாங்கியது, சத்தம் மேட்டுக்கு மேடு தாவி வட்டமாக வந்து, சொக்கனின் மேட்டுக்கு வந்ததும் அறுந்தது. காத்திருந்தார்கள். ஞானப்பழம் கைதட்டிப் பார்த்தான், ஒரு கல்லை விட்டெறிந்து பார்த்தான். வடிவு கூட்டத்தை விலக்கிக்கொண்டு கிட்டே போனாள். அவள் கால் பக்கத்தில் போனதும், காற்று ஒரு துளி இல்லாத நேரத்தில், காளான் கொத்து முழுக்க இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வேகவேகமாக ஆடியது.

"மனசார வைக்கல நீ" என்றான் ஞானப்பழம். "அழுதுக்கிட்டே வெச்சிருப்பே. அதான்."

"அவன் அம்மாவைப் பாத்து எப்பவும் குரைச்சதே இல்ல" என்றாள் ரோஷிணி. அன்றுவரை அவளுக்கு யாரும் எதையும் சொல்லியிருக்கவில்லை, ஆனால் எல்லாம் தெரிந்துவிட்ட முகத்தோடு நின்றாள். பிறகு திரும்பி மற்ற மேடுகளைக் காட்டினாள். "அதுங்க எல்லாம் உங்களைப் பாத்துதான குரைக்குது."

பார்த்தார்கள். ஒவ்வொரு மேட்டிலும் காளான்கள் காட்டுக்கு முதுகைக் காட்டி, வீடுகளை நோக்கிச் சாய்ந்து நின்றன. டாலருடையது ஞானப்பழத்தின் வாசலை, ஜாக்கியுடையது லூர்து மேரியின் சமையலறை ஜன்னலை. லூர்து மேரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் அவரவர் தம் மேட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தக் கொஞ்ச நேரத்தில் என்ன வேண்டுமானாலும் நடந்திருக்கலாம். பிறகு ஞானப்பழம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "யாரைப் பாத்துக் குரைச்சா என்ன? சத்தம் வருதுல்ல, புலி போகுதுல்ல" என்றான். அது சரிதான் என்று நாலைந்து பேர் சொன்னார்கள். பயம் அவர்களைக் கைவிடவில்லை, அதனால் அவர்களும் அதைக் கைவிடவில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டே அவன், "ஆனா இந்த ஓட்டையை யாராவது அடைக்கணும், வடிவு" என்றான்.

மறுநாள் பொழுது இறங்கும்போது வடிவு பாதையின் வாயில் போய் நின்று குரைத்தாள். முதலில் இருமல்தான் வந்தது. பிறகு வந்தது. லைனில் யாரும் சிரிக்கவில்லை, யாரும் ஆச்சரியப்படவும் இல்லை. குழாயடியில் அவளுடைய குடத்தை முன்னால் நகர்த்தி வைத்தார்கள். கொழுந்துக்குப் போகையில் கூப்பிட்டார்கள். தொண்டைக்கு நல்லது என்று லூர்து மேரி அதிமதுரம் கொடுத்தனுப்பினாள். தினமும் இருட்டுகிறவரை அவள் குரைத்தாள், அவள் குரைக்கக் குரைக்கக் காலடியில் சொக்கனின் காளான்கள் மகிழ்ந்து மகிழ்ந்து ஆடின. உள்ளே தாழ்ப்பாள் போட்ட கதவுக்குப் பின்னால் ரோஷிணி பத்திரமாக இருந்தாள்.

மார்கழிப் பனியில் வடிவுக்குக் குரல் அடைத்தது. ஒரு மாலை வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. வட்டம் முழுக்கக் குரைத்துச் சுற்றிவந்து அவளிடம் அறுந்து நின்றது. தேயிலைப் புதரில் எதுவோ அசைந்தது. அப்போது பின்னால் தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் கேட்டது. ரோஷிணி ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு வெளியே வந்து, அம்மாவின் கையைப் பிடித்து மெதுவாக வீட்டுப் பக்கம் திருப்பினாள்.

"நீ உள்ள போம்மா. இன்னிக்கு நான் குரைக்கிறேன்."

வடிவு போகாதே என்று சொல்ல முயன்றாள், குரல் இல்லை. பிள்ளை காட்டைப் பார்க்க நின்று, கழுத்தை நீட்டிக் குரைக்க ஆரம்பித்தாள். சின்னக் குரல்தான், ஆனாலும் எடுப்பாக இருந்தது என்று லைனில் எல்லோரும் சொன்னார்கள்.